முருகையும் நாலு மணி வெளிச்சமும்

வெளிச்சத்தைக் கூட்டி விக்கிற கடைக்காரர் ஊர் முழுக்க இருக்கினம். வெளிச்சத்தைக் குறையுங்கோ, தயவுசெய்து குறையுங்கோ எண்டு வாடிக்கையாளரோடை சண்டை பிடிக்கிற தொழில் எங்கடை மட்டுந்தான்.

நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்ன மீன்தொட்டிக் கடை வைச்சிருக்கிறன். தங்கமீனும் மீன்சாப்பாடும் முன்பக்கம். பின்பக்கம், திரைக்கு அங்காலை, உப்புத்தண்ணித் தொட்டி நாலு. அதுக்குள்ளை உயிரோடை முருகை, புத்தகத்திலை பவளப்பாறை எண்டு எழுதுறது. கடலிலை போய்ப் புடுங்கினது இல்லை. புடுங்கினால் சட்டம் பிடிக்கும், பிடிக்கத்தான் வேணும். அனுமதியோடை தொட்டியிலை வளர்க்கிற ஆக்களிட்டை வாங்கின துண்டுகள், பிறகு நானே வெட்டி ஒட்டிப் பெருக்கினது. தண்ணி மட்டும் தொண்டைமானாத்துக் கடற்கரையிலை இருந்து பிளாஸ்ரிக் கானிலை வரும். லைற் வேலை, வயர் வேலை எல்லாம் என்னோடை கூட்டாய் நிக்கிற சீலன் அண்ணை. வாய் வேலை முழுக்க நான்.

வீட்டுக்குள்ளை உப்புத்தண்ணி வைச்சு அரியண்டப்படுற என்ரை சகோதரங்களுக்கு இது தெரியும், மற்றவைக்குச் சொல்லுறன். முருகைக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கு. முருகைக்கு நிறம் குடுக்கிறதும் அது, சோறு போடுறதும் அது. மங்கலிலை வளர்ந்த துண்டைக் கொண்டுபோய்த் திடீரெண்டு பெரிய லைற்றுக்குக் கீழை வைச்சால், அது அந்தப் பாசியை வெளியிலை தள்ளிப்போட்டு வெள்ளையாய்ப் போகும். பிறகு பட்டினிதான். அதாலை கிழமை கிழமையாய், எப்பன் எப்பனாய், கொஞ்சம் கொஞ்சமாய் வெளிச்சம் பழக்கவேணும். இதைச் சொல்லிச் சொல்லியே என்ரை தொண்டை போச்சு. சனம் கேக்கிறேல்லை. ஆசையாய் வாங்கினதை இருட்டிலை வைக்கிறதோ எண்டு என்னோடைதான் கோவிக்கினம்.

மதில் கல்லு

ஒரு நாள் இளைப்பாறின றோட்டு ஓவசியர் ஒருத்தர் தங்கமீனுக்குச் சாப்பாடு வாங்க வந்தவர், திரையை விலக்கி உள்ளை பாத்திட்டார். இது என்ன எண்டு கேட்டார். முருகை எண்டன். மனுசன் சிரிச்ச சிரிப்பிலை முன்தொட்டி மீனெல்லாம் ஒதுங்கிப் போச்சு. தன்ரை வளவு மதில் முழுக்க முருகைக்கல்லுத்தானாம், தகப்பன் காலத்திலை வண்டியிலை ஏத்தி வந்து அடுக்கினதாம், அதை ஒருத்தி தண்ணியிலை போட்டு லைற் பிடிச்சு வளர்க்கிறாளே எண்டு பகிடி. எனக்கு வந்ததே கோவம். மதில் கல்லு செத்தது, இது உயிர், உந்த மதிலும் ஒரு காலத்திலை இப்பிடி வாய் திறந்து வெளிச்சம் குடிச்சதுதான் எண்டு அரை மணித்தியாலம் நிக்கவைச்சுப் பிரசங்கம் பண்ணினன். மனுசன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போட்டார். ஒரு வாடிக்கை போச்சு எண்டு நினைச்சன்.

அடுத்த நாள் கடை திறக்கமுதல் வாசலிலை நிக்கிறார். காலமை வெய்யில் சரிஞ்சு விழேக்கை மதிலுக்குக் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தவராம். கல்லுக் கல்லாய்ப் பாத்துக்கொண்டு போனதிலை மனிசி தேத்தண்ணியோடை தேடி வந்திட்டாவாம். நான் இன்னும் கோவத்திலை இருக்கிறனோ எண்டு என்ரை முகத்தைப் பாத்திட்டு, மெல்லச் சொன்னார்: "அறுபது வருசமாய் அந்த மதிலிலை சாய்ஞ்சு நிண்டு பல்லு விளக்கியிருக்கிறன் பிள்ளை, இண்டைக்குத்தான் அதிலை இருக்கிற பூவைப் பாத்தன்."

மூண்டாம் நாள்

மிஷன் பள்ளிக்கூடத்திலை சங்கீதம் படிப்பிக்கிற மிஸ் ஒருத்தர் என்னட்டைக் குடை முருகை ஒண்டு வாங்கினவ. காளான் குடை மாதிரி இருக்கும், மேலை சின்னச் சின்ன விரல் ஆடும். அதுக்கு ஒரு குணம் இருக்கு. வெளிச்சம் மாறினால் கோவிச்சுக்கொண்டு விரலெல்லாத்தையும் உள்ளை இழுத்துப்போட்டு, மேலை மெழுகு பூசின மாதிரி ஒரு தோலோடை சுருண்டு கிடக்கும். பிறகு அந்தத் தோலை உரிச்செறிஞ்சுபோட்டு முந்தினதிலும் வடிவாய் விரியும். இதை விக்கேக்கையே சொல்லவேணும். அண்டைக்குக் கடையிலை சனம், நான் மறந்துபோனன்.

பிழை விளங்கினது ரெண்டு கிழமைக்குப் பிறகு. இதுக்கு முந்தி அதே சாதி முருகையை வாங்கின மூண்டு பேர், செத்துப்போச்சு எண்டு ரெண்டாம் நாளே வாழையடியிலை கொட்டினவை. மிஸ்ஸும் கொட்டியிருப்பா எண்டு பயந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடினன். போய்ப் பாத்தால் குடை விரிஞ்சு, விரலெல்லாம் ஆடிக்கொண்டு நிக்குது. வீட்டிலை எல்லாரும் எறி எறி எண்டவையாம், அவதான் விடேல்லை. எனக்கு அந்த மனுசியைக் கும்பிடவேணும் போலை இருந்தது. என்னெண்டு பொறுத்தனீங்கள் எண்டு கேட்டன். பியானோ மூடியைத் துடைச்சுக்கொண்டே சொன்னா: "எங்கடை சமயத்திலை மூண்டாம் நாள் வரைக்கும் பாத்திட்டுத்தான் செத்ததெண்டு முடிவெடுக்கிறது."

வெளிச்சக் கடதாசி

அதுக்குப் பிறகுதான் நான் ஒரு கடதாசி அடிச்சன். முருகை வாங்கினால் இந்தக் கடதாசியும் கூட வரும். நாலு விதி. ஒண்டு, முதல் கிழமை லைற் நூற்றுக்கு இருபதுக்கு மேலை போகப்படாது, பிறகு கிழமைக்கு எப்பன் கூட்டலாம். ரெண்டு, தொட்டிக்கு மேலை நுளம்பு வலை மூண்டு மடிப்பு. ரெண்டு கிழமைக்கு ஒரு மடிப்பாய் எடுக்கிறது. மூண்டு, கல்லு அடியிலை இருக்கவேணும், வடிவு பாக்கிறதுக்கு மேலை தூக்கப்படாது. நாலு, பழகி முடியும் வரைக்கும் யன்னல் திரை மூடியிருக்கவேணும், தொட்டிக்குப் பக்கத்திலை வேறை லைற் எரியப்படாது. நாலாவது விதி தேவையில்லை, தொட்டி லைற்றுக்கு முன்னாலை ஒரு ரியூப் லைற் என்ன செய்யப்போகுது எண்டு சீலன் அண்ணை அப்பவே முணுமுணுத்தவர். நான் ஒரு முறைப்பு முறைச்சன், அந்தாள் அடங்கிப் போச்சு.

இனித்தான் கோப்பாய்க் கதை. பேரெல்லாம் மாத்தியிருக்கிறன், தேடித் திரியாதையுங்கோ. கனடாவிலை இருந்து குமரன் எண்டு ஒருத்தர் போன் எடுத்தார். கோப்பாயிலை இருக்கிற தமக்கை வீட்டுக்கு முருகைத் தொட்டி வேணுமாம். ரெண்டு நிபந்தனை. தன்ரை போனாலை தானும் லைற்றைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாய் இருக்கவேணும், முருகையைப் பாக்க ஒரு சின்னக் கமராவும் வைக்கவேணும். அது பறவாயில்லை. மற்றது, தொட்டியைச் சுவரோடை வைக்கப்படாதாம். ஹோலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவிலை, குறுக்காய் வைக்கவேணுமாம். ரெண்டு பக்கக் கண்ணாடியும் ஆர் துடைக்கிறது, நடக்கேக்கை ஆரும் இடிச்சால் என்ன செய்யிறது எண்டு எவ்வளவோ சண்டை பிடிச்சுப் பாத்தன். ஆள் அசையேல்லை. கனடாவிலை இருக்கிறவைக்கு எல்லாம் பாஷன் எண்டு பொருமிக்கொண்டு வைச்சுக் குடுத்தம். ஹோல் அலுமாரிக்கு மேலை கமரா, நடுவிலை தொட்டி, அங்காலை சாப்பாட்டு மேசை.

தமக்கை வசந்தி அக்கா, புருசன் நடேசு அண்ணை, ரெண்டு பேருந்தான் வீட்டிலை. அண்ணைக்கு வெங்காயம், மிளகாய்த் தோட்டம். தொட்டிக்குப் பொத்தான் முருகை ஒண்டு குடுத்தன்: உள்ளங்கை அளவு கல்லிலை பச்சைப் பச்சையாய்ச் சட்டைப் பொத்தான் மாதிரி இருபது வாய். கடதாசியை நான் உரத்து வாசிக்க, வசந்தி அக்கா பயந்து பயந்து தலையாட்டினா. நடேசு அண்ணை மண் ஒட்டின காலோடை படியிலை நிண்டு முழுக்கக் கேட்டார். இந்தாளுக்கு என்னத்தை விளங்கியிருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு, திருப்பி ஒருக்கா வாசிக்கட்டோ எண்டு கேட்டன். அவர் சொன்னார்: "வேண்டாம் பிள்ளை, கன்று நட்டால் பூவரசங்குழை குத்தி மறைச்சுப்போட்டு, வேர் பிடிக்கப் பிடிக்க ஒவ்வொரு குழையாய்ப் புடுங்குறனாங்கள், உங்கடை கடதாசி எங்கடை தோட்டந்தான்."

வெளிறின பொத்தான்

முதல் ரெண்டு கிழமை நல்லாய்ப் போச்சு. மூண்டாம் கிழமை வசந்தி அக்கா எடுத்தா. பின்னேரத்திலை பொத்தானெல்லாம் மூடிப்போகுதாம், ஓரம் வெளிறுதாம். போய்ப் பாத்தன். உண்மைதான். இருபதிலை ஆறு வாய் வெள்ளை. விதிப்படி ஒரு மடிப்பு வலைதான் எடுத்திருக்கு, லைற் இருபத்தைஞ்சிலை நிக்குது, யன்னல் திரை இழுத்து மூடி ஹோல் பூராய் மங்கல். ஒரு பிழையும் இல்லை. ஆனால் முருகை சாகுது.

குசினிக்குள்ளை கூட்டிக்கொண்டு போய் வசந்தி அக்கா எனக்கு விஷயத்தைச் சொன்னா. தம்பி பத்தொன்பது வயதிலை போனவன். இண்டைவரைக்கும் வரேல்லை. அங்கை பேப்பர் அலுவல் சரிவரேல்லை, வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. தாய் செத்ததுக்கும் வரேல்லை. இவ்வளவு வருசத்திலை, அக்கா இதைச் செய் எண்டு ஒண்டும் கேட்டதில்லை. முதல் முதல் கேட்டது இந்தத் தொட்டியைப் பாத்துக்கொள் எண்டு. அவவுக்கு முருகையிலை ஒரு ஆசையுமில்லை, உள்ளதைச் சொன்னால் அந்தத் தொட்டி நடுவீட்டிலை நிக்கிறது ஒரு ஆய்க்கினை. தம்பி கேட்டதெண்டு விடிய எழும்பினவுடனை முதல் அதைத்தான் பாக்கிறா. அவன் கேட்ட ஒரே ஒரு காரியத்தையும் சாகவிட்டன் எண்டு என்னெண்டு சொல்லுவன் எண்டு சேலைத் தலைப்பாலை கண்ணைத் துடைச்சா.

ஆரும் அழுதால் எனக்குக் கோவம் வரும். அது என்ரை பிறவிக்குணம். ஆரோ வலையைக் கழட்டி, லைற்றைக் கூட்டி, அயலட்டைக்குக் காட்டுகினம் எண்டு முடிவெடுத்தன். வசந்தி அக்கா செய்யமாட்டா. மிச்சம் ஆர்? தோட்டத்தாலை வந்த நடேசு அண்ணையை முற்றத்திலையே மறிச்சு, உங்கடை மிளகாய்க் கன்று மாதிரி எண்டு நினைச்சுப் பேய்வேலை பாத்துப்போட்டியள் எண்டு நாக்கிலை வந்ததெல்லாம் சொன்னன். அவர் கையைக் கழுவினார். உள்ளை வந்து வலையின்ரை நாலு மூலையையும் காட்டினார். வாழைநாராலை அவரே கட்டின முடிச்சு. நார் காய்ஞ்சு இறுகிப்போய் இருந்தது, அவிழ்த்திருந்தால் அறுந்திருக்கும். எனக்கு நிலம் பிளந்து உள்ளை போகலாம் போலை இருந்தது. அந்த இடத்திலை நானாய் இருந்தால் கடைக்காரியைப் படலைக்கு வெளியிலை விட்டிருப்பன். அவர் தண்ணிக்குள்ளை எட்டிப் பாத்துக்கொண்டு சொன்னது இவ்வளவுந்தான்: "பிழை ஆற்றை எண்டு பேந்து பாப்பம் பிள்ளை, முதல் கன்றைக் காப்பாத்துங்கோ."

சீலன் அண்ணையின்ரை காவல்

அடுத்த நாள் சீலன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனன். அந்தாள் வயரைக் கழட்டிப் பூட்டி எல்லாம் பாத்திட்டு, பழுது இல்லை, ஆனால் இருந்து பாக்கவேணும் எண்டு தொட்டிக்கு முன்னாலை ஒரு கதிரையைப் போட்டு இருந்திட்டார். ரெண்டு மணி. மூண்டு மணி. எனக்குச் சும்மா இருக்கேலாது. கண்ணாடி துடைச்சன், பழைய வாரப்பத்திரிகை வாசிச்சன், சீலன் அண்ணையோடை கதைச்சன், அவர் தொட்டியை விட்டுக் கண் எடுக்கேல்லை.

சரியாய் நாலு மணிக்கு வசந்தி அக்கா ஒரு கையிலை தேத்தண்ணி, மற்றக் கையிலை சுளகிலை முருங்கையிலையோடை வந்து சாப்பாட்டு மேசையிலை இருந்தா. ஒரு நிமிசம் போகேல்லை, தொட்டி லைற் பளீரெண்டு நூறுக்கு ஏறிச்சுது. தொட்டி, மேசை, அவவின்ரை தோள், கையிலை இருந்த முருங்கைக் கொப்பு எல்லாம் வெளிச்சம். பொத்தானெல்லாம் ஒண்டொண்டாய் மூடிச்சுது. நான் துள்ளி எழும்ப, அக்கா சாதாரணமாய், இது ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு இப்பிடிக் கூடி ஐஞ்சு மணிக்குக் குறையிறதுதானே, நீங்கள் வைச்சது எண்டெல்லோ நினைச்சன் எண்டா. சீலன் அண்ணை உடனை போனை எடுத்து லைற்றைக் குறைச்சார். அது திருப்பி ஏறிச்சுது. ஒருக்கா இவர் குறைக்கிறார், ஒருக்கா அது ஏறுது. ரெண்டு மூண்டு தரம் பாத்திட்டு அந்தாள் போனைச் சட்டைப் பைக்குள்ளை வைச்சிட்டு எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னார்: "கறண்ட் பழுது மணி பாத்து வராது, மனுசர்தான் மணி பாத்து வருவினம்."

தண்ணிக்கு அங்காலை

லைற்றைக் கூட்டக்கூடிய போன் மூண்டுதான். ஒண்டு என்ரை, ஒண்டு சீலன் அண்ணையின்ரை, மற்றது கனடாவிலை. கடைக்கு வந்து கதவைச் சாத்திப்போட்டு எடுத்தன். குமரன் வணக்கம் சொல்லி முடிக்க முதல் நான் தொடங்கீட்டன். உங்கடை அக்கா அங்கை அழுகிறா, அத்தானைக் கள்ளன் ஆக்கிப்போட்டன், முருகை சாகுது, கடதாசி உங்களுக்கும் அனுப்பினனான் தானே, வாசிக்கத் தெரியாதோ எண்டு கேட்டன். மனுசன் என்னைக் கத்தி முடிக்கவிட்டார். பிறகு, வாசிச்சனான், நாலாவது விதியாலைதான் எல்லாம் வந்தது எண்டார்.

ரொறன்ரோவிலை ஒரு பேக்கரியிலை அவருக்கு இரவு வேலை. முடிஞ்சு அறைக்கு வர அங்கை காலமை ஆறரை. இஞ்சை நாலு மணி. படுக்கமுதல் கமராவைப் பாக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலை கதைக்கிறதுதான், ஆனால் அதுக்கு அக்கா சேலை மாத்திக்கொண்டு வந்து இருப்பாவாம். ஒண்டில் அழுவாவாம், இல்லாட்டி எப்ப கலியாணம் எண்டு கேப்பாவாம். நாலு மணிக்கு அவ ஒண்டும் கேக்கமாட்டா. முருங்கையிலை உருவுவா, தேத்தண்ணியை ஆத்துவா, சில நேரம் தோள் குலுங்கத் தனக்குள்ளை சிரிப்பா. அதைப் பாத்திட்டுப் படுத்தால் நித்திரை வருமாம். கமரா மட்டும் வைக்கச் சொன்னால் அத்தான் என்ன நினைப்பார்? மச்சான் வெளிநாட்டிலை இருந்து என்ரை வீட்டை வேவு பாக்கிறான் எண்டு நினைக்கமாட்டாரோ? அதுக்குத்தான் தொட்டி. அதுக்குத்தான் நடுவிலை. நான் திரையை மூடுங்கோ, வேறை லைற் போடாதையுங்கோ எண்டு விதி போட்டவுடனை தண்ணிக்கு அங்காலை ஒரே இருட்டு. ஒரு மணித்தியாலந்தானே, முருகை தாங்கும் எண்டு நினைச்சிட்டாராம். இனிமேல் கூட்டமாட்டன், அத்தானுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ எண்டு கெஞ்சினார்.

எனக்குக் கோவம் எங்கை போச்சுதெண்டே தெரியேல்லை. கடைக்குள்ளை தனிய நிண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிக்கிறன். ஏதும் கேக்கவேணும் எண்டதுக்காக, அப்ப உங்களுக்கு முருகையிலை விருப்பமே இல்லையோ எண்டு கேட்டன். அவர் சொன்னார்: "முருகையைப் பாக்க எனக்கு ஒரு படம் போதும், நான் பாக்கிறது அக்கா தேத்தண்ணி குடிக்கிறதை."

ஐஞ்சாவது விதி

இப்ப என்ரை நிலைமையைப் பாருங்கோ. முருகைக்கு இருட்டு வேணும். குமரனுக்கு வெளிச்சம் வேணும். வசந்தி அக்காவுக்கு முருகை பிழைக்கவேணும், பிழைக்காட்டி தம்பியின்ரை சொல்லைக் காப்பாத்தேல்லை எண்டு அந்த மனுசி தேய்ஞ்சு போவா. நடேசு அண்ணைக்கு ஒண்டும் தெரியக்கூடாது. தெரிஞ்சதைச் சொல்லாமல் வைச்சிருக்கிறது எனக்குப் பல்லு வலியிலும் பெரிய வலி. சீலன் அண்ணைக்கு மட்டும் சொன்னன். அந்தாள் எழும்பிப் போய் ஒரு பழைய தொங்கு லாம்பைத் துடைச்சு எடுத்துக்கொண்டு வந்து மேசையிலை வைச்சார். நாலாவது விதி தேவையில்லை எண்டு அப்பவே சொன்னன் எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

கோப்பாய்க்குப் போய் அந்த லாம்பைச் சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலை, மஞ்சள் வெளிச்சம் மேசையிலை மட்டும் விழுற மாதிரிப் பூட்டினம். தொட்டி லைற்றைத் திருப்பி இருபதுக்குக் கொண்டுவந்தம், எடுத்த வலை மடிப்பைத் திருப்பிப் போட்டம். பிறகு நான் முகத்தை நேராய் வைச்சுக்கொண்டு புதுக் கடதாசியை வாசிச்சன். நாலாவது விதி வெட்டு. ஐஞ்சாவது விதி: பின்னேரம் நாலு தொடக்கம் ஐஞ்சு வரைக்கும் மேசை லாம்பு எரியவேணும், அதுக்குக் கீழை ஒரு ஆள் இருக்கவேணும், வெளிச்சம் மாதிரி ஆள் நடமாட்டத்தையும் முருகைக்குப் பழக்கவேணும். என்ரை வாழ்க்கையிலை நான் எழுதின ஒரே பச்சைப் பொய் அது. வசந்தி அக்கா பயபக்தியோடை தலையாட்டினா. நடேசு அண்ணை கடதாசியைக் கையிலை வாங்கி, தூரப் பிடிச்சு, ரெண்டு தரம் வாசிச்சார். லாம்பைப் பாத்தார். அலுமாரிக்கு மேலை இருந்த கமராவைப் பாத்தார். கடதாசியை நாலாய் மடிச்சுச் சட்டைப் பைக்குள்ளை வைச்சுக்கொண்டு தோட்டத்துக்குப் போட்டார். நான் மூச்சு விட்டன்.

மூண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பின்னேரம் போனன். வெளிறின ஆறிலை நாலு வாய்க்குப் பச்சை திரும்பியிருந்தது. ரெண்டு போச்சு, அதுக்கு ஒண்டும் செய்யேலாது. கல்லோரத்திலை குண்டூசித் தலை அளவிலை புதுசாய் ஒரு வாய். வசந்தி அக்காவுக்கு வந்த சந்தோசப் புளுகம் சொல்லி வேலையில்லை, தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினவவாம், அவன் ஒரு கும்பிடு போட்டவனாம். நாலு மணிக்குச் சுளகும் தேத்தண்ணியுமாய் லாம்புக்குக் கீழை போய் இருந்தா. தொட்டி லைற் அசையாமல் இருபத்தைஞ்சிலை நிண்டுது. தண்ணிக்குள்ளாலை பாக்க, அங்காலை அவவின்ரை தோளும் ஒரு பக்கக் காதுந்தான் தெரிஞ்சுது. இவ்வளவு செய்தும் முதுகைத்தானே அந்த மனுசன் பாத்துக்கொண்டு இருக்கிறார் எண்டு எனக்கு உள்ளுக்குள்ளை எரிச்சல், ஆனால் என்னெண்டு சொல்லுறது?

அந்த நேரம் நடேசு அண்ணை தோட்டத்தாலை வந்தார். காலைக் கழுவினார். மேசைக்கு வந்து, அக்காவை எப்பன் எழும்பு எண்டு சொல்லி, அவவின்ரை கதிரையைத் தூக்கி மற்றப் பக்கம், தொட்டியைப் பாத்தபடி போட்டார். என்னத்துக்கு எண்டு அவ கேட்டதுக்கு, முருகை பழகவேணும் எண்டு கடதாசியிலை கிடக்கு எண்டார். அவ இருந்து முருங்கையிலையை உருவத் தொடங்கினா, மஞ்சள் வெளிச்சம் முகம் முழுக்க விழுந்தது. படலை வரைக்கும் என்னோடை நடந்து வந்தவர், நான் ஸ்கூட்டரை எடுக்கேக்கை அதின்ரை கண்ணாடியைத் துடைச்சு விட்டுக்கொண்டு சொன்னார்: "அடுத்த முறை கதைக்கேக்கை அவனுக்குச் சொல்லுங்கோ பிள்ளை, அத்தான் நான் கமராவைப் பாத்துச் சிரிக்கமாட்டன், ஆனால் அதை வேறை பக்கம் திருப்பியும் வைக்கமாட்டன்."

சகோதரங்களே, முருகைக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும் எண்டு ஊருக்கெல்லாம் கடதாசி அடிச்சுக் குடுத்த எனக்கு, ஒரு கதிரையை எந்தப் பக்கம் போடுறது எண்டு சொல்லித்தரக் கோப்பாயிலை ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வேண்டியிருந்தது.